படத்தின் மேல் படம்: ஏஆர் மேலடுக்கு பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் 18 வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்து, மிக்சிங் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை ஏற்றுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. முன்பெல்லாம் அது கடையில், கம்ப்யூட்டரில், ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தது. இப்போது யார் போனிலும் கண் முன்னாலேயே நடக்கிறது. அதைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் கேட்டதையும், நான் சொன்னதையும், அப்போது சொல்லத் தோன்றாமல் வீட்டுக்குப் போன பிறகு தோன்றியதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஏஆர், ஏஆர் என்கிறார்களே, அது என்ன?

ஆக்மென்டட் ரியாலிட்டி என்பதன் சுருக்கம். தமிழில் மிகை மெய்ம்மை என்று எழுதுகிறார்கள். கடையில் அப்படிச் சொன்னால் மிக்சர் பாக்கெட்டா என்று கேட்பார்கள். கேமரா பார்க்கும் நிஜக் காட்சியின் மேல், அங்கே இல்லாத ஒன்றை அந்த நொடியிலேயே வரைந்து காட்டுவதுதான் ஏஆர். வரைந்த பகுதியை இங்கே மேலடுக்கு என்று சொல்கிறேன். செல்ஃபியில் நாய்க்காது முளைக்கிறதே, அது மேலடுக்கு. கூகுள் மேப்பில் நடந்து போகும்போது தெருவின் மேலேயே அம்புக்குறி தெரிகிறதே, அதுவும்தான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இதன் உறவுக்கார விஷயம் ஒன்று நன்றாகப் பழகியிருக்கும். பந்து காலில் பட்டுவிட்டது. படாமல் இருந்தால் எங்கே போயிருக்கும் என்று ஒரு கோடு ஸ்டம்பை நோக்கி ஓடும். ஹாக்-ஐ என்ற அந்த முறை 2001-ல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டுக்கு வந்தது. அந்தக் கோட்டில் பாதி நடந்தது, பாதி நடக்காதது. ஆனால் பார்க்கிற கண்ணுக்கு அது ஒரே கோடு. கிரிக்கெட்காரர்கள் விவரமானவர்கள். கணிப்பில் பிசகு இருக்கும் என்று ஒப்புக்கொண்டு ‘அம்பயர்ஸ் கால்’ என்று ஒரு விதி வைத்தார்கள். பந்து ஸ்டம்பின் ஓரத்தை லேசாகத்தான் உரசும் என்று கோடு காட்டினால், நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நடுகல் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

விஆர், டீப்ஃபேக் எல்லாம் இதுதானா?

விஆர் என்றால் கண்ணை முழுக்க மூடிவிட்டு வேறு உலகத்தைக் காட்டுவது. ஏஆரில் உங்கள் தெரு உங்கள் தெருவாகவே இருக்கும், அதில் ஒன்றிரண்டு பொருள் கூடியிருக்கும். டீப்ஃபேக் என்பது ஒருவர் முகத்தையோ குரலையோ இன்னொருவருடையதாக மாற்றுவது. முதலில் அது உட்கார்ந்து செய்யும் வேலையாக இருந்தது. இப்போது வீடியோ காலிலேயே முகத்தை மாற்ற முடிகிறது என்பதால் பில்டருக்கும் டீப்ஃபேக்குக்கும் நடுவில் இருந்த வரப்பு அழிந்துபோய்விட்டது. மீசை வைப்பதும் வேறு ஆளின் முகத்தை வைப்பதும் ஒரே வேலையின் இரண்டு அளவுகள்.

வரைந்த பொருள் எப்படி அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது? போனை ஆட்டினால் அதுவும் ஆட வேண்டாமா?

நல்ல கேள்வி. கடையில் எடுபிடி வேலைக்கு வரும் பையன்தான் இதைக் கேட்டான். போன் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. கேமரா காட்சியில் சட்டென்று அடையாளம் தெரியும் புள்ளிகளைப் பிடித்துக்கொள்கிறது: மேசையின் மூலை, டைல்ஸ் கோடு, சுவரில் இருக்கும் கறை. அடுத்த பிரேமில் அந்தப் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்க்கிறது. அதே நேரத்தில் போனுக்குள் இருக்கும் கைரோஸ்கோப்பும் ஆக்சிலரோமீட்டரும் கை எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு வேகத்தில் என்று சொல்கின்றன. இரண்டையும் வைத்துக் கேமரா இப்போது எங்கே நிற்கிறது என்று நொடிக்குச் சுமார் 30 தடவை கணக்குப் போட்டு, பொருளை அந்தக் கோணத்தில் திரும்ப வரைகிறது.

எங்கே சொதப்பும் என்பதும் இதிலேயே இருக்கிறது. வெறும் வெள்ளைச் சுவரில் பிடித்துக்கொள்ளப் புள்ளி இல்லை. இருட்டில் இல்லை. ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்து நான் ஒரு தடவை முயற்சி செய்தேன். தண்ணீர் ஓடுகிறது, நுரை மாறுகிறது, பரிசல் தட்டாமாலை சுற்றுகிறது. கேமரா ஒன்று சொல்ல, கைரோஸ்கோப் வேறு சொல்ல, நான் தண்ணீர் மேல் வைத்த பொம்மை முதலை பாறைக்குள் போய், வானத்தில் ஏறி, கடைசியில் பரிசல்காரர் மடியில் உட்கார்ந்தது. அவரிடம் காட்டினேன். “நிஜமாவே முதலைப் பண்ணை இருக்குது, அங்க போய்ப் பாருங்க” என்றார். இருக்கத்தான் இருக்கிறது.

இன்னொரு குறை, எது முன்னால், எது பின்னால் என்று போனுக்குத் தெரியாதது. நிஜ ஆள் ஒருவர் பொருளுக்கு முன்னால் நடந்தால், பொருள் அவர் பின்னால் மறைய வேண்டும். தூரத்தை அளக்கும் வசதி இல்லாத போனில் அது அவர் வயிற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும். 1998-ல் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் மைதானத்தின் மேல் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். ஆட்டக்காரர்கள் அதன் மேல் ஓடினால் கோடு அவர்கள் காலுக்கு அடியில் இருப்பது போலவே தெரியும். புல்லின் பச்சையில் மட்டும் வரை, சட்டை நிறத்தில் வரையாதே என்பதுதான் அதன் சூத்திரம். நாங்கள் ஸ்டுடியோவில் பச்சைத் துணி கட்டிச் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான்.

இது புதிதா?

இல்லை. தலையில் மாட்டிப் பார்க்கும் கருவியை ஐவன் சதர்லேண்ட் என்பவர் 1968-லேயே செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கும் அளவுக்குக் கனம். ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயர் 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில் பிறந்தது. விமானத்துக்குள் ஓடும் ஒயர்களை எந்த வரிசையில் கட்டுவது என்று தொழிலாளியின் கண் முன்னாலேயே காட்டலாமே என்று யோசித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இது 2016-ல், நிஜத் தெருவில் நடந்து போய் போனில் தெரியும் பொம்மைகளைப் பிடிக்கும் போக்கிமான் கோ விளையாட்டோடு வந்தது.

நம் பக்கத்தில் இதற்கு உருப்படியான பயன் ஏதாவது உண்டா, இல்லை நாய்க்காதுதானா?

உண்டு. ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். போயிங்கில் நினைத்த அதே வேலைதான். எந்த போல்ட்டை எந்த வரிசையில், எவ்வளவு முறுக்க வேண்டும் என்று இயந்திரத்தின் மேலேயே காட்டினால் புதிய ஆளுக்குத் தப்பு குறையும். பாடப்புத்தகத்தில் இதயத்தின் படத்துக்கு மேல் போனைக் காட்டினால் அது துடிப்பது போல வைக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு ஏறத்தாழ 4,200 வருடம் பழையது என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த இடத்துக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது தெரிவது குழியும் பாறையும் மட்டும்தான். உலையும் நெருப்பும் எப்படி இருந்திருக்கலாம் என்று அங்கேயே காட்டினால் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் நடுகல்லுக்குத்தான் செய்ய வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனை ஊரில் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்ற பெயரில் மஞ்சள் குங்குமத்தோடு நிற்கிறது! ஆடு மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு, புலியோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். தொறு மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. 1,400 வருடத்து மழை அந்த எழுத்தைத் தின்றிருக்கிறது. அப்படி ஒரு கல்லின் முன் போனைக் காட்டினால் எழுத்து இன்றைய தமிழில் மிதந்து வந்தால், வில்லும் குத்துவாளும் எங்கே என்று கோடு போட்டுக் காட்டினால், பக்கத்து வீட்டுப் பையனே நின்று படிப்பான்.

அப்படியானால் வீரனுக்கு முகம், நிறம், உடை எல்லாம் சேர்த்துப் பிரமாதமாகக் காட்டிவிடலாமே?

இங்கேதான் எனக்குக் கை நடுங்குகிறது. கல்லில் இருப்பது என்ன? ஒரு உருவம், தூக்கிய கை, முடிந்த கொண்டை, சில நேரம் காலடியில் மாடு. அதன் மேல் முகம் வரைகிறவர் யாருடைய முகத்தை வரைவார்? நிறம்? மீசை எந்தப் பக்கம் முறுக்கியது? கல்லில் பெயர் இருக்கும், அப்பா பெயர் இருக்கலாம், அரசனின் ஆட்சி ஆண்டு இருக்கலாம். இல்லாததை வரைந்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தவர் தன் பங்காளியின் முகத்தைத்தான் வரைவார்.

அடுத்த படி உங்களுக்கே தெரியும். வீரனின் தலைக்கு மேல் ஒரு கொடி மிதக்கும், கொடிக்குக் கீழே ஒரு சாதிப் பெயர். இன்னொருவர் இன்னொரு ஆப்பில் அதே கல்லுக்கு வேறு கொடி, வேறு பெயர் போடுவார். சுவரில் எழுதினால் ஊரே பார்க்கும், சண்டை வந்தாலும் பேசித் தீர்க்கலாம், சுண்ணாம்பு அடிக்கலாம். மேலடுக்கில் எழுதினால் அந்த ஆப் வைத்திருப்பவனுக்கு மட்டும் தெரியும். ஒரே கல்லின் முன் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று இரண்டு வேறு கல்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். “நீயும்தானே பார்த்தே” என்று இனி யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. எனக்கு இதில் பொய்யை விட இதுதான் பெரிய பயம்.

செய்கிறவர்களுக்கு ஒரே யோசனை, கிரிக்கெட்டில் இருந்து. கல்லில் நிச்சயமாக இருப்பதைக் கெட்டியான கோட்டில் காட்டுங்கள். ஊகத்தைப் புள்ளிக் கோட்டில் காட்டுங்கள். இரண்டையும் ஒரே பளபளப்பில் காட்டினால் பார்க்கிறவனுக்கு அம்பயர்ஸ் கால் எங்கே என்று தெரியாது.

அண்ணா, மனை வாங்கப் போனோம். டேப்லெட்டைக் காலி நிலத்தின் மேல் காட்டினார்கள், ரோடு, விளக்கு, வீடு எல்லாம் தெரிந்தது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

என் மச்சானோடு நானும் சூளகிரி பக்கம் ஒரு லேஅவுட்டுக்கு இப்படிப் போயிருக்கிறேன். நிலத்தில் முள் கம்பியும் நட்ட கல்லும்தான். டேப்லெட்டில் தார் ரோடு, எல்இடி விளக்கு, தண்ணீர் டேங்க், பிள்ளைகள் சறுக்கு விளையாடும் பூங்கா. அழகாகத்தான் இருந்தது, தொழில்காரன் என்ற முறையில் நிழல் விழுந்த விதத்தைக் கூடப் பாராட்டினேன். மச்சானுக்குப் பிடித்துப்போய், டேப்லெட்டை வாங்கி வடக்குப் பக்கம் திருப்பினார். அங்கே வரிசையாகக் கொன்றை மரம் நின்றது, மஞ்சள் பூவோடு.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். வடக்கே கிரானைட் குவாரி. வெட்டின பாறை, கிரேன், வெள்ளைத் தூசி. டேப்லெட்டில் குவாரியே இல்லை.

சேர்ப்பதை நாம் கண்டுபிடித்துவிடுவோம், ரோடு இன்னும் போடவில்லை என்று கண்ணுக்கே தெரியும். மறைப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் திரையைப் பார்க்கும்போது வெளியே பார்க்க மறந்துவிடுகிறோம். அதனால் மனை பார்க்கும்போது டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு நாலு திசையும் ஒரு சுற்று சுற்றுங்கள். ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் முதல்வர் அறிவித்ததிலிருந்து, மேலடுக்கில் விமானம் இறங்கும் காட்சியும் வைத்துக் காட்ட ஆசைப்படாத விற்பனையாளர் இருக்க மாட்டார்.

அப்புறம் காகிதம். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைக்கு மேல் போடும் லேஅவுட் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று நான்கையும் பாருங்கள். 2016-ன் ரெரா சட்டத்தில் 12-வது பிரிவு, விளம்பரத்திலோ மாதிரியிலோ பொய் காட்டி ஏமாற்றினால் இழப்பீடு கேட்க வழி தருகிறது. ஆனால் டேப்லெட்டில் ஓடியதை அப்புறம் எப்படி நிரூபிப்பீர்கள்? காட்டும்போதே உங்கள் போனில் அதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று தடுத்தால் அதுவே பதில்.

மாந்தோப்பில் போனைக் காட்டினால் காயை எண்ணிச் சொல்லுமாமே?

கேமராப் படத்தில் பழத்தை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு எண்ணும் மென்பொருள்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கேமராவுக்குத் தெரிவது வெளிக்காய். இலைக்குப் பின்னால், உள்கிளையில் தொங்குவதை அது ஊகித்துத்தான் சேர்க்கும். பூ விடும்போதே குத்தகை பேசும் ஊரில், வியாபாரி தன் போனைக் காட்டி “பாருங்க, மிஷினே சொல்லுது, இவ்வளவுதான்” என்றால், உங்கள் அப்பா மரத்தைச் சுற்றி வந்து சொன்ன கணக்கை விட்டுவிடாதீர்கள். ஆப் யாருடையது, எந்த வகை மாம்பழத்தை வைத்துப் பழக்கியது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது.

இறந்துபோன அப்பாவைக் கல்யாண வீடியோவில் நிற்க வைக்க முடியுமா?

மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். முடியும். ஆல்பத்தில் பல வருடமாகச் செய்கிறோம். ஒரு தடவை மண்டபத்தில் நேரடியாகவே செய்தேன். பென்னாகரம் பக்கத்து மாப்பிள்ளை. அப்பா போய் மூன்று வருடம். மேடைக் காட்சி ஓடும் எல்இடி திரையில், தாலி கட்டும்போது அப்பா மேடை ஓரத்தில் நின்று கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வது போல மேலடுக்கு. பழைய போட்டோ ஒன்றை வைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மகன் சொன்னார்.

கெட்டிமேளம் கொட்டும்போது திரையில் அவர் வந்தார். மண்டபமே அழுதது. அந்த அம்மா மட்டும் அழவில்லை. முதல் வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து, திரையைப் பார்த்து, பிறகு மேடையில் அவர் நிற்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே ஒரு குத்துவிளக்கும் ஒயர் சுருளும்தான். மறுபடி திரை, மறுபடி விளக்கு. நாலைந்து தடவை. கேமராவை நான்தான் பிடித்திருந்தேன், எனக்குக் கேமராவைத் திருப்பத் தோன்றவில்லை.

வீடியோ வாங்க அவரே கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “அவரு கலர் சட்டையே போட்டதில்ல சாமி. அந்தச் சந்தனக் கலர மாத்தி வெள்ளையாக்கிக் குடு” என்றார். போட்டோவில் இடுப்புக்குக் கீழே இல்லை, சட்டையும் மங்கல். பட்டுச் சட்டை நானாகப் போட்டது. மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது நேரடியாகச் செய்வதில்லை. ஆல்பத்தில், வீடியோவில் செய்கிறேன், அதுவும் வீட்டில் அவரோடு அதிகம் வாழ்ந்தவர் வந்து உட்கார்ந்து பார்த்துச் சரி சொன்ன பிறகு. இறந்தவர் வாயைத் திறந்து பேசுவது போலச் செய்யச் சொன்னால் முடியாது என்கிறேன். சில பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

வீடியோ காலில் முகம் தெரிந்தால் நம்பலாம் அல்லவா?

முன்பு நானும் அப்படித்தான் சொன்னேன். 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு, கூட வேலை பார்த்த நண்பரின் முகத்தோடும் குரலோடும் வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு என்றார்கள், 40,000 ரூபாய் அனுப்பினார். மறுபடி பணம் கேட்டபோதுதான் சந்தேகம் வந்து, நண்பரின் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டார். நண்பருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், கூட்டத்தில் இருந்த மேலதிகாரிகள் எல்லோருமே போலி என்று தெரியாமல் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிய செய்தி வந்தது.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுகிறவர்கள் இவ்வளவு தொழில்நுட்பம் கூடப் போவதில்லை. பின்னணியில் போலீஸ் ஸ்டேஷன், தோளில் நட்சத்திரம், சுவரில் காந்தி படம். செட் போட்டாலும் சரி, மேலடுக்கில் வரைந்தாலும் சரி, பயந்தவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தியச் சட்டத்தில் வீடியோ காலில் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது.

முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், கையை முகத்துக்குக் குறுக்கே மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள் என்று ஒரு சோதனை சொல்வார்கள். நான் மேலே சொன்ன முன்பின் குறைதான் காரணம். விரல் கடக்கும்போது வரைந்த முகம் உதறும். ஆனால் வருடத்துக்கு வருடம் அந்தக் குறை சரியாகிக்கொண்டே போகிறது, அதை மட்டும் நம்பாதீர்கள். காலைத் துண்டியுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு.

பெண் பார்க்க வீடியோ காலில் பில்டர் போட்டுக்கொண்டு பேசினால் அதுவும் ஏமாற்றா?

போலீஸ் கேஸ் ஆகாது. ஆனால் நேரில் பார்க்கும்போது மாமியார் முகத்தில் தெரியும். கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவதற்கும் நிறத்தையே மாற்றுவதற்கும் நடுவில் கோடு எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கல்யாணப் பெண்ணை வெளுக்க வைத்துப் பிழைத்தவன். பாகிஸ்தானில் 2019-ல் ஒரு மாகாண அமைச்சரின் செய்தியாளர் கூட்டம் நேரலையில் ஓடும்போது தெரியாமல் பூனை பில்டர் ஆன் ஆகி, அமைச்சர் காதும் மீசையுமாகப் பேசிக்கொண்டிருந்தார். பேசும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல்லில் ஒருவர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெண்கள் குளிக்கும் பக்கமே பார்த்தார். அதில் கேமரா இருக்குமா?

இருக்கலாம். கேமரா வைத்த மூக்குக் கண்ணாடிகள் இப்போது இந்தியாவிலும் விற்பனைக்கு இருக்கின்றன. படம் எடுக்கும்போது பிரேம் ஓரத்தில் சின்ன விளக்கு எரியும் என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள். நண்பகல் வெயிலில், தண்ணீர்ச் சாரலில், பத்தடி தூரத்தில் அந்த விளக்கு யார் கண்ணுக்குத் தெரியும்? 2024-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்கள் இருவர், அப்படி ஒரு கண்ணாடியின் படத்தை முகம் தேடும் இணையதளத்தோடு இணைத்து, எதிரே வரும் முன்பின் தெரியாதவரின் பெயரையும் முகவரியையும் எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கைக்காகச் செய்தோம் என்று சொல்லி, நிரலை வெளியிடவில்லை. ஆனால் முடியும் என்பது தெரிந்துவிட்டது.

உடை மாற்றும் அறையில் படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு. அந்தரங்க உறுப்பைச் சம்மதமில்லாமல் படம் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ. திறந்த படித்துறையில் எடுத்தது இதில் வருமா என்று வக்கீல்கள் வாதாடுவார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள், பரிசல்காரர்கள், மீன் வறுக்கும் அக்காக்கள் எல்லோரும் அந்த இடத்தின் கண்கள். சத்தம் போட்டுக் கேட்டால் அவர்கள் வருவார்கள்.

என் வீட்டின் மேல் யாராவது மேலடுக்கில் எதையாவது எழுதிவைத்தால்?

நிஜமாக நடந்த விஷயம். போக்கிமான் கோ வந்தபோது அமெரிக்காவில் வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர்கள் போனோடு கூடினார்கள், வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2019-ல் அந்த நிறுவனம் நீக்கச் சொல்லிக் கேட்க வழி வைத்துச் சமரசம் செய்தது. குஜராத் உயர் நீதிமன்றத்துக்கும் 2016-ல் ஒரு மனு போனது, கோயிலுக்குள் விளையாட்டில் முட்டை காட்டுகிறார்கள் என்று. உங்கள் சுவருக்குப் பட்டா உண்டு. உங்கள் சுவரின் மேல் மிதக்கும் படத்துக்கு யாரிடம் பட்டா என்று சொல்லும் தனிச் சட்டம் இங்கே இல்லை. அவதூறாக இருந்தால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்துக்கொண்டு ஆப் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், மிரட்டலாக இருந்தால் சைபர் கிரைம் போலீஸ்.

கார் கண்ணாடியில் வழி தெரியும் கருவி வாங்கலாமா?

வேகத்தை மட்டும் சின்னதாகக் காட்டுவது பரவாயில்லை. ரோட்டின் மேல் அம்பும், பெட்ரோல் பங்க் விளம்பரமும், ஹோட்டல் நட்சத்திரமும் மிதப்பது வேண்டாம். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்குதான் உங்களுக்கு வேண்டிய ஒரே மேலடுக்கு.

குழந்தை நாள் முழுக்க பில்டர் போட்டு விளையாடுகிறது. ஏதாவது ஆகுமா?

விளையாட்டில் தப்பில்லை. காது வரைய, முகத்தின் அளவை ஆப் எடுக்கிறது. அதைப் போனிலேயே வைத்துக்கொள்கிறதா, எங்கேயாவது அனுப்புகிறதா என்பதுதான் கேள்வி. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. பெயர் தெரியாத ஆப் என்றால் அழித்துவிடுங்கள்.

ஆப் எதுவும் இல்லாமல் நடுகல்லைப் படிக்க முடியுமா?

முடியும், நானே முயன்று பார்த்திருக்கிறேன். நடுப்பகலில் போகாதீர்கள், கல் தட்டையாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு, அல்லது சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். வெயில் கல்லின் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் உட்காரும். வெயில் இல்லை என்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ், மாவு, சுண்ணாம்பு எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது, கல் கெட்டுவிடும். பூசாரி இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளை நீங்களாகத் துடைக்காதீர்கள். வட்டெழுத்து தெரியவில்லை என்றால் டார்ச்சை இரண்டு மூன்று பக்கமிருந்து பிடித்துத் தனித்தனியாகப் போட்டோ எடுங்கள், பில்டர் இல்லாமல். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘தொ’ எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கண்டுவிட்டால், அடுத்த கல்லில் அது தானாகக் கண்ணில் படும்.